அயர்லாந்தின் மக்கள்தொகை: ஏன் குறைந்தது, எப்படி ஏறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் குடும்பத்தோடு வசிக்கிறேன். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும், இங்கே வேலைக்கு வர நினைக்கிறவர்களும் இந்த நாட்டின் ஜனத்தொகையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 'அயர்லாந்து' என்று நான் சொல்வது 1922-இல் பிரிட்டனிடமிருந்து பிரிந்த 26 கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி), அதாவது இன்றைய குடியரசை. வட அயர்லாந்தையும் சேர்த்துச் சொல்லும்போது 'முழுத் தீவு' என்று சொல்லிவிடுகிறேன்.

இப்போது அயர்லாந்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2022 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு எடுத்த சென்சஸ்படி 51,49,139 பேர். 1851-க்குப் பிறகு இந்த எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது அப்போதுதான். 2025 ஏப்ரலில் 54.6 லட்சம் ஆகியிருக்கும் என்று மத்தியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது.

180 வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது ஆட்கள் குறைவு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1841 சென்சஸில் இந்த 26 கவுண்டிகளில் மட்டும் 65 லட்சம் பேர் இருந்தார்கள். முழுத் தீவில் கிட்டத்தட்ட 82 லட்சம். இன்று இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 70 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதே 1841-இல் பக்கத்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 1.6 கோடிப் பேர். இன்று அங்கே 6 கோடி. ஒரே மழை, ஒரே கடல், ஒரே அரசாட்சி. ஒன்று நாலு மடங்கு ஆனது, மற்றது பாதியாகச் சுருங்கி இன்னும் பழைய அளவைத் தொடவில்லை.

குடியரசுப் பகுதியின் கணக்கை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 1841-இல் 65 லட்சம், 1851-இல் 51 லட்சம், 1901-இல் 32 லட்சம், 1926-இல் 29.7 லட்சம், 1961-இல் 28.2 லட்சம். அதுதான் அடிமட்டம். அப்புறம்தான் ஏற்றம்.

1840-களில் அப்படி என்ன நடந்தது?

உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது. 1845-இல் தொடங்கி அடுத்தடுத்த வருஷங்களில் பயிர் வயலிலேயே அழுகியது. ஏழைக் குடும்பங்கள் ஏறக்குறைய அந்த ஒரே கிழங்கை நம்பி வாழ்ந்தன. அதிலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம்தான் பெரும்பாலும். குத்தகை நிலம் துண்டு துண்டாகப் போயிருந்தது. கையகல நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப உருளைக்கிழங்கால்தான் முடியும் என்பதால் அதையே நட்டார்கள்.

சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் அதையொட்டி வந்த காய்ச்சல்களிலும் செத்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேல் கப்பல் ஏறினார்கள். 1847 மிகக் கொடிய வருஷம். 'கறுப்பு 47' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கோடையில் அரசு நடத்திய கஞ்சித் தொட்டிகளில் ஒரு கட்டத்தில் தினமும் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மனிதர்களைக் காப்பாற்றும் வழி அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சில மாதங்களில் அதை மூடிவிட்டார்கள். தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவது மட்டும் நிற்கவில்லை. இதை வெறும் இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணப் பணத்தைக் கையாண்ட அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன். செலவைக் கட்டுப்படுத்துவதிலேயே குறியாக இருந்தவர், பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடு என்ற தொனியில் எழுதியவர். அவரேதான் 1859-இல் மெட்ராஸ் ஆளுநராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்ட திட்டம். சென்னை வரலாற்றில் நல்ல பெயரோடு வரும் அதே மனிதரின் பெயரை இங்கே வேறு குரலில் சொல்கிறார்கள்.

பஞ்சம் சில வருஷத்தில் முடிந்துவிட்டது. அப்புறமும் ஏன் 100 வருஷம் குறைந்துகொண்டே போனது?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். பஞ்சத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் வந்த நீண்ட வற்றலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பஞ்சத்துக்கு முன்னால் அப்பா நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். பஞ்சத்துக்குப் பின் அந்த வழக்கம் போய்விட்டது. நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு. அதுவும் அப்பாவுக்குத் தள்ளாமை வந்த பிறகு. அதுவரை அந்த மகனால் கல்யாணம் செய்ய முடியாது. நாற்பது வயதில் மாப்பிள்ளை ஆவது கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. பலர் கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்தார்கள். ஒரு மகளுக்குச் சீர் கொடுத்துக் கட்டிவைப்பார்கள். மீதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் நிலமும் கிடையாது, ஊரில் தொழிற்சாலையும் கிடையாது. கப்பல் டிக்கெட்தான் அவர்களுடைய பாகம். முதலில் போன அக்கா பாஸ்டனில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்புவாள், அதில் தங்கை கிளம்புவாள், அப்புறம் தம்பி. 1890 வாக்கில் அயர்லாந்தில் பிறந்து உயிரோடு இருந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு உறவுகள் கூடி விடியவிடியப் பாடியும் அழுதும் விழித்திருப்பார்கள். இழவு வீட்டில் விழித்திருப்பதற்கு என்ன சொல்லோ அதே சொல்லால் 'அமெரிக்க இழவு' என்று அதை அழைத்தார்கள். போனவரை இனி பார்க்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் கோவ் என்ற துறைமுகம் இருக்கிறது. 1848 முதல் 1950 வரை சுமார் 25 லட்சம் பேர் இந்த ஓர் இடத்திலிருந்து கப்பல் ஏறினார்கள். கரையில் ஒரு சிலை: தொப்பி வைத்த இளம்பெண், கூடவே இரண்டு சிறுவர்கள். அந்தப் பெண் ஆனி மூர். 1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர். இரண்டு தம்பிகளை அழைத்துக்கொண்டு, முன்பே போயிருந்த அப்பா அம்மாவிடம் போனார். சிலையில் சிறுவர்களில் ஒருவன் கடலின் பக்கம் கையை நீட்டிக் காட்டுகிறான், ஆனி மட்டும் திரும்பி ஊரைப் பார்க்கிறாள். நான் முதல் தடவை அங்கே போனபோது டப்ளினுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

இடங்களின் கணக்கைப் பார்த்தால் இன்னும் விளங்கும். லீட்ரிம் கவுண்டியில் 1841-இல் 1,55,000 பேர், 1996-இல் 25,000. இப்போது 35,000. மேயோவில் 3,88,000 பேர் இருந்த இடத்தில் இன்று 1,38,000. மேற்கே காரில் போனால் மலைச்சரிவில் யாரும் பயிர் வைக்காத நிலத்தில் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் வரி வரியான மேடுகள் புல்லுக்கடியில் இன்றும் தெரிகின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும்.

கெர்ரி கரைக்கு அப்பால் கிரேட் பிளாஸ்கெட் தீவு. 1916-இல் 176 பேர் இருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள், பள்ளிக்கூடம் மூடியது. 1947 தொடக்கத்தில் ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது புயலில் டாக்டர் வர வழியில்லை, அவன் இறந்தான். அதே வருஷம் உணவு அனுப்பச் சொல்லி அன்றைய பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். 1953 நவம்பரில் மிச்சமிருந்த 22 பேரையும் அரசு கரைக்குக் கொண்டுவந்தது. இப்போது அங்கே கூரையில்லாத வீடுகளும் கடல்நாய்களும்தான்.

கத்தோலிக்க நாடு, வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்பார்களே. அப்படியும் குறைந்ததா?

ஆமாம். கல்யாணம் ஆனவர்களுக்குப் பிள்ளைகள் நிறைய. ஆனால் கல்யாணம் ஆனவர்களே குறைவு, பிறந்த பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் கப்பலேறிய ஊர்கள் உண்டு. பிறப்பு எப்போதும் இறப்பைவிட அதிகமாகத்தான் இருந்தது. தொட்டியில் தண்ணீர் ஊறியது, அதைவிட வேகமாக மதகு வழியாகப் போனது.

கருத்தடைக்குத் தடை இருந்ததா?

1935 முதல் கருத்தடைச் சாதனங்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். 1971-இல் பெண்கள் ஒரு குழுவாக ரயிலில் அந்தத் தடை இல்லாத வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய் அவற்றை வாங்கிக்கொண்டு டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகள் முன்னால் தூக்கிக் காட்டினார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் தம்பதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1979 சட்டம் டாக்டர் சீட்டோடு அனுமதித்தது. சீட்டில்லாமல் ஆணுறை வாங்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1973-இல்தான், கல்யாணம் ஆனால் அரசு வேலையை விட்டுவிட வேண்டும் என்று பெண்களுக்கு இருந்த விதியும் நீங்கியது. குடும்பங்களின் அளவு அதன் பிறகு வேகமாகச் சிறுத்தது. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள், இப்போது ஒன்றரை.

1961-க்குப் பிறகு எப்படித் திரும்பியது?

1950-களில் மட்டும் நிகரக் கணக்கில் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள், பெரும்பாலும் பிரிட்டனுக்கு. விடுதலை வாங்கி முப்பது வருஷம் கழித்தும் இப்படியா என்று நாடே பயந்தது. டி.கே. விட்டேக்கர் என்ற நிதித்துறைச் செயலர் 1958-இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்: சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு விவசாயத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது, வெளி முதலீட்டுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று. அரசு கேட்டது. 1967-இல் மேல்நிலைக் கல்வி இலவசமானது. 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தார்கள். 1970-களில் வந்தவர்கள் போனவர்களைவிட அதிகமானார்கள். அவர்களில் பெரும்பகுதி திரும்பி வந்த அயர்லாந்துக்காரர்களே. 1961-இல் 28 லட்சமாக இருந்தது 1981-இல் 34 லட்சம் ஆனது.

அப்போதிருந்து ஏற்றம்தானா?

இல்லை. 1980-களில் வேலையில்லாத் திண்டாட்டம் மறுபடி ஆட்களை விரட்டியது. 1989 ஏப்ரலோடு முடிந்த ஒரே வருஷத்தில் 70,000 பேர் போனார்கள்; 1986-க்கும் 1991-க்கும் நடுவில் மக்கள்தொகை சற்றுக் குறைந்தது. 1990-களின் நடுவிலிருந்து 'கெல்டிக் புலி' என்று பேர் வாங்கிய பொருளாதார வளர்ச்சி. 2004-இல் போலந்து, லித்துவேனியா போன்ற நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அவர்களுக்கு உடனே வேலைக் கதவைத் திறந்தவை மூன்றே நாடுகள்: அயர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன். 2007-இல் ஒரே வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். 2008-இல் வீட்டுச் சந்தையும் வங்கிகளும் சரிந்தன. மறுபடி இளைஞர்கள் ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பினார்கள். அந்த முறை மட்டும் சென்சஸ் எண்ணிக்கை குறையவில்லை. அந்த வருஷங்களில் வருஷத்துக்கு 75,000 அளவில் குழந்தைகள் பிறந்ததால் தாக்குப்பிடித்தது.

இப்போதைய வளர்ச்சி பிறப்பாலா, வருகையாலா?

பெரும்பாலும் வருகையால். 2024 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் 19,400. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் 79,300. அந்த வருஷம் 1,49,200 பேர் வந்தார்கள், 69,900 பேர் போனார்கள். அடுத்த ஆண்டு நிகர வருகை 59,700 ஆகக் குறைந்தது.

போன 69,900 என்ற எண்ணை யாரும் கவனிப்பதில்லை. இவ்வளவு வசதி வந்த பிறகும் இங்கே படித்த நர்ஸும் ஆசிரியரும் சிட்னிக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, நான்கு பிள்ளைகளில் இருவர் பெர்த்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீடியோவில் பேரனோடு பேசும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்.

யார் வருகிறார்கள்? இந்தியர்கள் அதிகமா?

2022 சென்சஸில் அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர்கள் 6,31,785 பேர், 12 விழுக்காடு. போலந்துக்காரர்கள் முதலிடம், சுமார் 93,700. அடுத்து பிரிட்டன், மூன்றாவது இந்தியா: 45,449. அதற்குப் பிறகும் இந்தியர்கள் வேகமாகக் கூடியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தரும் வேலை அனுமதிகளில் இந்தியர்களே முதலிடம். மருத்துவமனைகளில் கேரள நர்ஸுகளும், கணினி நிறுவனங்களில் நம்மூர்க்காரர்களும் நிறைய. 2022 முதல் போரிலிருந்து தப்பி உக்ரைனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

வெளிநாட்டவர் வந்ததால்தான் வீடு கிடைக்கவில்லை என்பது சரியா?

ஆள் கூடினால் வீடு கூடுதலாக வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் வீடு கட்டுவது நின்றுபோன கதையைச் சொல்லாமல் வந்தவர்களை மட்டும் கைகாட்டுவது நியாயமில்லை. 2006-இல் வருஷத்துக்கு 90,000 வீடுகள் அளவில் கட்டினார்கள். சரிவுக்குப் பின், 2013-இல் 5,000-க்கும் கீழே போனது. கொத்தனாரும் மின்பணியாளரும் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். 2024-இல் 30,000 வீடுகள். அரசு அமைத்த வீட்டுவசதி ஆணையம், 2022 கணக்குப்படி குறைந்தது இரண்டு லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று சொன்னது. அதே சென்சஸில் 1,66,752 வீடுகள் காலியாகவும் கிடந்தன, அவற்றில் பல வேலைவாய்ப்பு இல்லாத ஊர்களில்.

18 வயது தாண்டியும் அப்பா அம்மா வீட்டிலேயே இருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். இவர்களில் பலர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து நல்ல வேலையில் இருப்பவர்கள். இங்கே வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: வேலை ஆணையைப் பார்க்கும்போதே வாடகையையும் பாருங்கள். நாங்கள் வந்தபோது ஒரு வீட்டைப் பார்க்க நாற்பது பேர் மழையில் வரிசையில் நின்றோம்.

வளர்ச்சி டப்ளினில் மட்டும்தானா?

இல்லை, முந்தைய சென்சஸைவிட 2022-இல் எல்லாக் கவுண்டிகளிலும் மக்கள்தொகை கூடியிருந்தது. வேகத்தில் முதலிடம் லாங்ஃபோர்டுக்கு, 14 விழுக்காடு. டப்ளினைச் சுற்றியுள்ள மீத், கில்டேர் பக்கங்களில் தினமும் ரயிலில் வந்துபோகும் கூட்டம் பெருகியிருக்கிறது.

ஒரே வருஷத்துக்கு இரண்டு எண்கள் சொல்கிறார்களே?

சென்சஸ் அன்றிரவு நாட்டுக்குள் யார் இருந்தாலும் எண்ணுவார்கள், சுற்றுலாப் பயணி உட்பட. வெளியே போயிருக்கும் உள்ளூர்க்காரரை எண்ண மாட்டார்கள். ஆண்டு மதிப்பீடு வழக்கமாக இங்கே வசிப்பவர்களைக் கணக்கிடுகிறது. அதனால் வரும் வித்தியாசம் அது.

வயதானவர்கள் கூடுகிறார்களா? இனி என்ன ஆகும்?

சராசரி வயது 2016-இல் 37.4, 2022-இல் 38.8. அறுபத்தைந்து தாண்டியவர்கள் 7.76 லட்சம், அதாவது 15 விழுக்காடு. இத்தாலி, ஜெர்மனியைவிட இளமையான நாடுதான், ஆனால் 2023-இல் 54,678 குழந்தைகளே பிறந்தன. 2057-இல் மக்கள்தொகை 57 லட்சத்திலிருந்து 70 லட்சம் வரை எங்கேயும் இருக்கலாம் என்று புள்ளியியல் அலுவலகம் கணித்திருக்கிறது. இந்த 13 லட்சம் இடைவெளிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள் என்பது. தொட்டிலைவிடத் துறைமுகம்தான் இந்த நாட்டின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. இன்று அந்த இடத்தில் விமான நிலையம்.

பழைய சென்சஸ் தாள்களை நாம் பார்க்க முடியுமா?

1901, 1911 ஆண்டுகளின் தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குடும்பத் தலைவரே கைப்பட நிரப்பியவை. 1911 தாளில் கல்யாணமான பெண்களிடம் இரண்டு கட்டங்களில் கேட்டிருக்கிறார்கள்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள், ஒன்றைவிட மற்றது சிறியது. வேறு எந்தப் புள்ளிவிவரமும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

அதற்கு முந்தியவை பெரும்பாலும் இல்லை. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்துவிட்டது. முதல் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டில் சில கூழாயின. 1821 முதல் 1851 வரையான தாள்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயின. பஞ்சத்துக்கு முந்தைய அந்த 82 லட்சம் பேரின் பெயர்களும் வயதுகளும் அப்படிப் போனவை. மொத்த எண் மட்டும் அச்சில் தங்கியது.

2022 படிவத்தில் கடிதம் எழுத இடம் கொடுத்தார்களாமே?

ஆமாம். படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். அதில் விரும்பியதை எழுதலாம், நூறு வருஷம் பூட்டி வைத்து 2122-இல் திறப்பார்கள். கறுப்பு மை பேனாவைத் தேடி எடுத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். மகள் பள்ளியில் படித்த ஐரிஷ் மொழியில் இரண்டு வரி எழுதினாள். மனைவி தன் அம்மாவின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழில் எழுதினாள். மிச்சமிருந்த இடத்தில் நான், எந்த வருஷம், எந்த மாதம், எதற்காக இங்கே வந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.